மலார் தெரு காலியாக இருக்கும் ஒரு மணி நேரம்

அனுப்புநர்:
மார்ஜொலென் காஸ்தோங்கே,
எண் 23, தரைத்தளம், மலார் தெரு,
சென்-ஓரெல் நகரம், கியூபெக் மாகாணம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தெருக்கள் மற்றும் போக்குவரத்துத் துறை,
நகர மன்றம், சென்-ஓரெல்.

பொருள்: ஜூலை முதல் தேதிக் குடிபெயர்வை நான்கு நாட்களாகப் பிரிக்கும் புதிய உத்தரவிலிருந்து மலார் தெருவுக்கு விலக்கு கோருதல் தொடர்பாக.

பார்வை: கடந்த ஏப்ரலில் வீடுதோறும் கதவிடுக்கில் செருகப்பட்ட தங்கள் துறையின் நீல நிற அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மனு எழுதிப் பழக்கமில்லாதவள். வீட்டிலிருந்தபடியே மருந்துப் பெட்டிகளின் உள்ளே மடித்து வைக்கப்படும் குறிப்புத் தாள்களில் பிழை திருத்துவது என் தொழில். அந்தத் தாள்களை யாரும் படிப்பதில்லை. அதனால், எழுதியதை ஒருவர் உட்கார்ந்து படிப்பார் என்ற நம்பிக்கையோடு எழுதுவது எனக்குப் புதிய அனுபவம். தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. தங்கள் உத்தரவின்படி, இந்த ஆண்டு மலார் தெருவின் இரட்டை எண் வீடுகள் ஜூலை முதல் தேதியிலும், ஒற்றை எண் வீடுகள் ஜூலை நான்காம் தேதியிலும் மட்டுமே சாமான் ஏற்றி இறக்கலாம். மற்ற நாட்களில் லாரியோ, நடைபாதையில் ஒரு மேசையோ நின்றால் தண்டம். ஆனால் நகரத்தின் வாடகை ஒப்பந்தங்கள் ஏறக்குறைய எல்லாமே ஜூன் முப்பதாம் தேதியோடு முடிந்துவிடுகின்றன. ஒற்றை எண் வீட்டுக்காரர் அந்த மூன்று இரவுகள் எங்கே படுப்பார் என்பதைப் பற்றி நீல அறிவிப்பில் ஒரு வரியும் இல்லை.

3. இது பொதுவான குறை. இனிச் சொல்லப்போவது ஒரு தனி மனிதருடைய குறை. எண் 31, மேல்தளத்தில் வசிக்கும் ஒருவர் பிப்ரவரியிலிருந்து வீடு தேடிக்கொண்டிருக்கிறார். அவர் இருக்கும் கட்டடம் கைமாறிவிட்டது, ஜூன் முப்பதோடு காலி செய்ய வேண்டும். புதிய மின்கலத் தொழிற்சாலையில் பற்றவைப்பு வேலை செய்பவர், நல்ல சம்பளம்தான், ஆனால் வீடு இல்லை. தன் பெயரை எழுதக் கூடாது என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டார். அவரிடம் ஆள் உயர ஃப்ரீசர் ஒன்று இருக்கிறது. அதில் சென்ற இலையுதிர் காலத்தில் அவர் வேட்டையாடிய மூஸ் மானின் இறைச்சி இருக்கிறது என்று மட்டும் எழுத அனுமதித்தார். இதைப் படித்ததும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது யாரென்று தெரிந்துவிடும். அது அவருக்குத் தெரியாது. ஜூலை முதல் தேதி அவருக்கு ஒரு கூரை கிடைக்குமா என்பதுதான் இந்த மனுவின் கேள்வி. கிடைக்க வழி உண்டு என்பதற்கு நானே சாட்சி. அதை விளக்கத்தான் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு வழியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

4. முதலில், தங்கள் துறையின் பக்கமுள்ள நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டு ஜூலை முதல் தேதி ஆற்றுப்பாலத்தின் நடுவே இரட்டைக் கட்டில் மெத்தை ஒன்று விழுந்து கிடந்தது உண்மை. அதன்மேல் ஒருவர் படுத்து வெயில் காய்ந்ததும் உண்மை. ஒரே நாளில் நகரத்தின் கால்வாசி பேர் வீடு மாறுவதைப் பார்த்தால் வெளியூர்க்காரர்கள் ஊரில் ஏதோ கலவரம் என்று நினைக்கிறார்கள். நாடே தன் பிறந்தநாளைக் கொண்டாடும் அன்று நாங்கள் துணி துவைக்கும் இயந்திரத்தைச் சுருள் படிக்கட்டில் கட்டி இறக்கிக்கொண்டிருக்கிறோம். இதை ஒழுங்குபடுத்த வேண்டுமென்று ஒரு போக்குவரத்து அதிகாரிக்குத் தோன்றாவிட்டால்தான் வியப்பு.

5. ஆனாலும் ஐயா, அந்த நாளுக்கு வேறொரு கணக்கும் உண்டு. மூலைக்கடைக்காரர் டிசம்பர் முழுவதும் விற்பதைவிட அன்று ஒருநாளில் அதிகமாக விற்கிறார். பீட்சா அடுப்புகள் காலையிலேயே மூட்டப்படுகின்றன. இந்த ஊரில் நண்பனுக்குச் சாமான் தூக்கினால் கூலி கேட்பது அவமரியாதை, பீட்சாவும் பீரும் வாங்கித் தராமல் இருப்பது அதைவிடப் பெரிய அவமரியாதை. கல்லூரி மாணவர்கள் லாரி ஓட்டுகிறார்கள். நடைபாதையில் விடப்பட்ட நாற்காலி மாலைக்குள் வேறொரு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறது. காகித ஆலை மூடிய பிறகு இந்த ஊர் எத்தனையோ வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வருடங்களிலும் ஜூலை முதல் தேதியன்று மட்டும் ஊரில் காசு புரண்டது என்று பழையவர்கள் சொல்கிறார்கள்.

6. இப்போது தொழிற்சாலை வந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆட்கள் வந்தார்கள், அதுவும் மகிழ்ச்சி. வீடுகள் மட்டும் வரவில்லை. குழந்தைகள் விளையாடும் எண் புதிர்ப் பலகையைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள்: சின்னச் சதுரங்களை நகர்த்தி நகர்த்தி வரிசைப்படுத்துவார்கள். அதில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். அந்த ஒரு கட்டம் இல்லையென்றால் எந்தச் சதுரமும் நகராது. எங்கள் ஊரின் வீட்டுச் சந்தையில் இன்று அந்தக் காலிக் கட்டம் இல்லை. ஐந்தரை அறை வீட்டில் ஒருவர் தனியாக இருக்கிறார், மூன்றரையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். (குளியலறையை அரை அறையாகச் சேர்த்து எண்ணும் எங்கள் வழக்கம் தங்களுக்குத் தெரியாததல்ல.) பெரிய வீட்டில் இருப்பவர் வெளியே வர விரும்பினாலும், போகச் சிறிய வீடு இல்லை. அதனால் யாரும் அசைவதில்லை.

ஜூலை முதல் தேதி மதியம் மட்டும் அந்தச் சதுரங்கள் எல்லாமே பலகையை விட்டு இறங்கி நடைபாதையில் நிற்கின்றன.

7. சென்ற ஆண்டு நடந்தது வருமாறு. நான் அப்போது எண் 27, மூன்றாம் தளத்தில் குடியிருந்தேன். உரிமையாளர் தம் மகளுக்காக வீட்டைத் திரும்பக் கேட்டார். சட்டப்படி சரி. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மூன்றரை பேசி வைத்திருந்தேன். சாவி வாங்கும்போதே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஜூலை முதல் தேதி காலை, என் பெட்டிகளெல்லாம் கீழே இறங்கிய பிறகு, செய்தி வந்தது: வேறொருவர் கூடுதல் வாடகைக்கு ஒப்புக்கொண்டார், மன்னிக்கவும், தங்களுக்கு நல்ல நாளாக அமையட்டும்.

8. நான் யாரிடமும் சொல்லவில்லை. மற்ற எந்த நாளாக இருந்தாலும், நடைபாதையில் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து நாலு பேர் விசாரிப்பார்கள். அன்று தெருவே பெட்டி மேல் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் லாரிக்குக் காத்திருந்தார்கள். வராத லாரி ஒன்றுக்காக நானும் காத்திருந்தேன். மறைந்துகொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் இந்த மாகாணத்திலேயே இல்லை.

9. எதிர்ப்புறம் எண் 18, மூன்றாம் தளத்தின் பால்கனியில் திரு. ஃபிர்மென் லாக்குர்ஸ் காபிக் கோப்பையோடு அமர்ந்திருந்தார். காகித ஆலையில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், ஐந்தரையில் தனியாக இருந்தவர். முப்பது வருடமாக வீடு மாறாதவர் என்பதால், ஜூலை முதல் தேதியை அவர் ஹாக்கி ஆட்டம் போலப் பார்த்து வர்ணிப்பது வழக்கம். அவருடைய வர்ணனையின் முக்கிய ஆட்டக்காரர் எனக்கு நேர் கீழே இரண்டாம் தளத்தில் இருந்த திருமதி ரோலாந்த் பிபோ. பள்ளிப் பேருந்து ஓட்டுநர், குரலில் அந்தத் தொழில் தெரியும். அன்று அவர் எண் 25-இன் தரைத்தள நாலரைக்கு மாறிக்கொண்டிருந்தார். இங்கே அவர்கள் பேசியதைப் பேசியபடியே பதிகிறேன், ஏனெனில் திருத்தி எழுதினால் சாட்சியம் கெட்டுவிடும்.

“ரோலாந்த், அந்த சோபா போன வருஷமும் படி இறங்குச்சு, அதுக்கு முந்தின வருஷமும் இறங்குச்சு. அதுக்கே வழி தெரியும், விட்டுடு, தானா போயிரும்!” என்றார் திரு. லாக்குர்ஸ்.

“நீ அங்கயே உக்காந்து பேசு. முழங்கால்தான் இறங்கி வராது, வாய் மட்டும் மூணு மாடிக்கு நீளுது,” என்றார் திருமதி பிபோ, சோபாவின் ஒரு முனையைத் தூக்கியபடி.

“பதினோரு வருஷத்துல ஏழு வீடு. ஏழும் இதே தெரு, அதுவும் அந்தப் பக்கமே. எதைத்தான் தேடுறே நீ?”

“அமைதியா ஒரு எதிர்வீடு. இன்னும் கிடைக்கல!”

10. நண்பகலில் நான் மூலைக்கடைப் பக்கம் போனேன். வாடகை விளம்பரங்களில் இருந்த எண்களை யார் காதிலும் விழாமல் அழைத்துப் பார்ப்பதற்காக. ஒவ்வொருவரும் அன்போடு இல்லை என்றார்கள். திரும்பி வந்தபோது என் பெட்டிகளில் பாதியைக் காணவில்லை.

11. திருட்டு அல்ல, ஐயா. எங்கள் ஊரில் எல்லோருடைய பெட்டியும் ஒரே மதுக்கடையிலிருந்து வருகிறது. ஜூன் மாதம் முழுவதும் அந்தக் கடைக்காரர் காலி அட்டைப்பெட்டிகளை வாசலில் அடுக்கி வைப்பார், தெருவே அள்ளிக்கொண்டு வரும். எனவே என் புத்தகப் பெட்டியும், பக்கத்து வீட்டுச் சட்டிப் பெட்டியும், எதிர்வீட்டுப் பனிக்காலணிப் பெட்டியும் ஒரே சிவப்பு ஒயின் பெட்டிகள். பீட்சாவுக்காகத் தூக்க வந்த திருமதி பிபோவின் அண்ணன் மகன்கள் இருவர், தங்கள் அத்தையின் சோபா முடிந்ததும் உற்சாகம் குறையாமல், நடைபாதையில் கண்ணில் பட்டதையெல்லாம் எண் 23-இன் தரைத்தளத்துக்குள் கொண்டுபோய் அடுக்கிவிட்டார்கள். அங்கே குடிவந்துகொண்டிருந்தது ட்சிபாங்கு குடும்பம். திருமதி ஒனோரின், கணவர் பசீல், மூன்று குழந்தைகள். கின்ஷாசாவிலிருந்து வந்து ஒரு குளிர்காலத்தைத் தாண்டியவர்கள். பெரிய வீடு கிடைக்காமல் மூன்றரைக்கு ஒப்புக்கொண்டவர்கள்.

12. திருமதி ஒனோரின் குழந்தைகளுக்கு ஏதாவது சமைக்கலாமென்று சட்டி தேடிப் பெட்டியைத் திறந்தார். புத்தகம். அடுத்ததைத் திறந்தார். புத்தகம். நான்காவது பெட்டிக்குப் பிறகு ஒரு தடித்த அகராதியை இடுப்பில் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“யாருப்பா எங்க வீட்டுக்கு லைப்ரரியை அனுப்பி வச்சது? நான் கேக்குறது ஒரே ஒரு சட்டி! இதை வேக வச்சா எத்தனை மணி நேரம் ஆகும்?”

தெரு சிரித்தது. நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் கை தூக்கியதில்லை.

13. திரு. பசீல் மிகவும் மரியாதையானவர். “தப்பு எங்களோடது, மதாம். எந்த வீடுன்னு மட்டும் சொல்லுங்க, ஒண்ணு விடாம நானே கொண்டாந்து வச்சுடறேன்,” என்றார்.

ஒரு பொய் முகவரியாவது சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. பெட்டிகளைச் சுமந்துகொண்டு அவர் என் பின்னால் வருவார் என்ற பயமாகவும் இருக்கலாம். “வீடு இல்லை” என்று சொன்னேன். அந்த இரண்டு சொற்களை உரக்கச் சொன்னது அதுவே முதல் தடவை.

14. திருமதி பிபோ அருகிலிருந்த துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். “ஒரு வருஷமா என் தலைக்கு மேல குடியிருக்கா இந்தப் பொண்ணு. நடக்குற சத்தம் கேட்டதில்ல. அழுதிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. ஏன் கண்ணு, வாயத் தொறந்தா வரி போடுவாங்களா?” என்றார். பிறகு, எவருடைய ஆலோசனையையும் கேட்காமல், தலையை நிமிர்த்தி எதிர்ப்பக்க மூன்றாம் தளத்தை நோக்கிக் குரல் கொடுத்தார்.

“ஃபிர்மென்! அந்த அஞ்சரைல தனியா என்னதான் பண்றே நீ?”

“ஒரு ரூம்ல தூங்குறேன். மத்த ரூம்ல தூங்கிப் பாக்கலாமான்னு யோசிக்கிறேன்.”

“இறங்கி வா.”

“எதுக்கு?”

“என் வீடு தரைத்தளம். ஒரு படி கிடையாது. பால்கனி இருக்கு. உக்காந்து வாய் பேச உனக்கு வேற என்ன வேணும்?”

15. அந்தக் கணத்தில் மலார் தெருவில் ஒரு லாரிகூட இயங்கவில்லை என்பதைத் தங்கள் துறையின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். ஓட்டுநர்கள் இயந்திரத்தை அணைத்துவிட்டார்கள். பீட்சாத் துண்டு வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. திரு. லாக்குர்ஸ் கோப்பையைக் கீழே வைத்தார். “இதைக் கேக்க உனக்கு ஏழு வீடு ஆச்சா?” என்றார். எழுந்து நின்று, “என் சாமான் தூக்க ஆள் இருக்கா?” என்றார்.

“பீட்சா நீ வாங்கினா இருக்கு!”

சுருள் படிக்கட்டில் அவர் பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாக, முழங்காலைத் திட்டிக்கொண்டே இறங்கினார். கையில் பால்கனி நாற்காலியை மட்டும் எடுத்து வந்தார். மற்றதெல்லாம் பிறகு வரலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தெருவைக் கடந்து, எண் 25-இன் வாசலில் நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்தார். கைதட்டல் மூலைக்கடை வரை கேட்டதாக அதன் உரிமையாளர் பின்னர் சொன்னார்.

16. அதன்பின் நடந்தது கணக்குதான். ஐந்தரை காலி. ஐந்து பேருக்கு அது. அவர்கள் வரவிருந்த மூன்றரை காலி. ஒருத்திக்கு அது. எண் 18-இன் உரிமையாளர் திரு. ஒவிலா தெலில் அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் வசிப்பவர், அப்போது யாருடைய பீட்சாவையோ தின்றுகொண்டிருந்தார். “முப்பது வருஷமா இந்த மனுஷன் இருமுறதக் கேட்டுட்டேன். இனிமே மூணு புள்ளைங்க ஓடுறதையும் கேக்கணுமா?” என்று அலுத்துக்கொண்டார். வாடகையை நியாயமாக, ட்சிபாங்கு குடும்பத்துக்குத் தாங்கும் அளவில் உயர்த்திக்கொண்டு, ஒரு நிபந்தனை வைத்தார்: குளிர்காலத்தில் வாசல் பனியை அவர்களே அள்ள வேண்டும்.

“ஒரு குளிர்காலம் பாத்துட்டேன், ஐயா. அதனால ஒண்ணு மட்டும் கேக்குறேன். மண்வெட்டி உங்களோடதா, என்னோடதா?” என்றார் திரு. பசீல்.

“என்னோடது.”

“அப்போ சரி. முதுகு என்னோடது.”

எண் 23-இன் உரிமையாளர் அம்மையார் ஏரிக்கரையில் விடுமுறையில் இருந்தார். தொலைபேசியில், படகு மோட்டார் சத்தத்துக்கு நடுவே, “யார் வந்தா எனக்கென்ன? அமைதியான ஆளா?” என்று கேட்டார். பக்கத்திலிருந்த திருமதி பிபோ பதில் சொன்னார்: “மதாம், அளவுக்கு மிஞ்சின அமைதி. நாங்க அதைக் கொஞ்சம் குறைக்கப் போறோம்.”

ஒப்பந்தங்கள் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்துக் கையெழுத்தாயின. மாடிக்கு ஏற வேண்டிய ட்சிபாங்குவின் சாமான்களும், அங்கிருந்து இறங்க வேண்டிய திரு. லாக்குர்ஸின் சாமான்களும் படிக்கட்டில் சந்தித்து வழிவிட்டுக்கொண்டன. என் புத்தகங்களைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. அவை ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தன. எனக்கு முன்பே குடிபோயிருந்தன.

17. இவ்வளவையும் விரித்துச் சொன்னதன் காரணம் இதுதான். தங்கள் உத்தரவு சென்ற ஆண்டே நடைமுறையில் இருந்திருந்தால், ஒற்றை எண்காரர்களான நானும் திருமதி பிபோவும் ட்சிபாங்கு குடும்பமும் ஜூலை நான்காம் தேதி தெருவில் இருந்திருப்போம். முதல் தேதியன்று எதிர்ப்பக்கம் தன் வேலையை முடித்துக் கதவைச் சாத்தியிருக்கும். பெட்டிகள் கலந்து, என்னை எந்த வீடு என்று கேட்டிருந்தாலும், பயனிருந்திருக்காது. அன்று இரட்டை எண் வீட்டிலிருந்து ஒரு நாற்காலி இறங்கினாலும் தண்டம். திரு. லாக்குர்ஸ் இன்றும் மூன்றாம் தளத்தில், எந்த அறையில் தூங்குவதென்று யோசித்துக்கொண்டிருப்பார். ஒழுங்கு முழுமையாக இருந்திருக்கும். நான்கு குடித்தனங்கள் தவறான இடத்தில் ஒழுங்காக இருந்திருக்கும்.

18. புத்தகங்களில் பொருளாதாரம் படித்திருக்கிறேன். சந்தை என்றால் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்கும் இடம் என்று அவை சொல்கின்றன. வருடத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் எங்கள் தெருவில் கதவுகள் சாத்தியிருக்கின்றன. ஒருவருடைய அறைகள் எத்தனை, அவருக்குத் தேவையானது எத்தனை என்பது மற்றவருக்குத் தெரியாது. கேட்பதும் நாகரிகமில்லை. ஜூலை முதல் தேதியன்று எல்லோருடைய கட்டிலும் வெயிலில் நிற்கிறது. யாருக்கு எத்தனை கட்டில், யாருக்கு ஒன்றுகூட இல்லை என்று எல்லோருக்கும் தெரிகிறது. அன்று மதியம் ஏறக்குறைய ஒரு மணி நேரம், பழையவர் வெளியேறிப் புதியவர் நுழையாத நேரம், எல்லாக் கதவுகளும் திறந்திருக்கின்றன. அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் எந்த வீட்டுக்கும் போகலாம். அந்த ஒரு மணி நேரத்தை எந்த நகர மன்றமும் திட்டமிட்டு உருவாக்கியதில்லை. நான்கு நாளாகப் பிரித்தால் அது காணாமல் போய்விடும்.

19. இனி எண் 31-இன் மேல்தளத்துக்கு வருகிறேன். சென்ற ஒரு வருடத்தில் என் அமைதி உண்மையாகவே குறைக்கப்பட்டுவிட்டது. எனவே இந்த வசந்தத்தில் நானே வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எண் 14-இல் ஒரு தம்பதி இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால் அவர்களுக்கு ஐந்தரை அதிகம். “மாறலாம்தான், ஆனா ஊரே மாறுற அன்னைக்கு மாறினா மாறுவோம். தனியா மாறினா என்னவோ துரத்திவிட்ட மாதிரி இருக்கும்,” என்றார் அந்த அம்மையார். எண் 29-இல் ஒரு மாணவியும், எண் 12-இல் அவளுடைய தோழியும் ஒரே வீட்டுக்குப் போகலாமா என்று யோசிக்கிறார்கள். யோசனையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் எண் 14-க்குப் போனால், காலியாகும் இரண்டு வீடுகளில் ஒன்று அந்தத் தம்பதிக்கு, மற்றொன்று எண் 31-காரருக்கு. இவர்களில் யாரும் இன்று எதற்கும் உறுதி சொல்ல மாட்டார்கள். எல்லோருடைய நாற்காலியும் தெருவுக்கு வந்த பிறகு சொல்வார்கள். இரட்டை எண் ஒருநாள், ஒற்றை எண் வேறொருநாள் என்றால், 14-உம் 31-உம் ஒன்றையொன்று பார்க்கவே போவதில்லை.

20. எனவே தாங்கள் பின்வருமாறு ஆணையிட வேண்டுகிறேன்.

(அ) மலார் தெரு முழுவதும், ஒற்றை இரட்டை என்ற பேதமின்றி, ஜூலை முதல் தேதியன்றே குடிபெயர அனுமதிக்க வேண்டும்.

(ஆ) அன்று காலை முதல் மாலை வரை தெருவின் இரு முனைகளிலும் தடுப்பு வைத்து, சாமான் லாரிகளை மட்டும் உள்ளே விட வேண்டும். ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் ஒரு பாதை எப்போதும் திறந்திருக்கும். அதைக் காவல் காக்கும் பொறுப்பைத் திருமதி பிபோ ஏற்றுக்கொண்டிருக்கிறார். முப்பது குழந்தைகளைப் பேருந்தில் உட்கார வைத்துப் பழகியவரின் குரலுக்கு லாரி ஓட்டுநர்கள் கட்டுப்படுவார்கள் என்று நம்பலாம்.

(இ) ஆற்றுப்பாலத்தின் மேல் மெத்தை விழாமலிருக்க, கயிறு எப்படிக் கட்டுவது என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் திரு. லாக்குர்ஸ் முன்வந்திருக்கிறார். உட்கார்ந்தபடிதான் சொல்லித் தருவார்.

(ஈ) நடப்பதை நேரில் காண, தங்கள் துறையிலிருந்து ஓர் அலுவலரை அனுப்பிவைக்க வேண்டும். அவர் கையுறை அணிந்து வருவது நல்லது. எங்கள் தெருவில் வெறுமனே நிற்பவர் கையில் யாராவது ஒரு பெட்டியைக் கொடுத்துவிடுவார்கள். பீட்சாவில் அவருக்கும் பங்குண்டு.

21. மூன்று இரவுகள் ஃப்ரீசர் நடைபாதையில் நின்றால் ஒரு குளிர்காலத்துக்கான இறைச்சி வீணாகும். அதன் உரிமையாளர் எங்கே படுப்பார் என்பதை அவரே இன்னும் யோசிக்கவில்லை. இறைச்சியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார். மின்சாரம் இல்லாமல் அந்த ஃப்ரீசர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று நேற்று அவரிடம் கேட்டேன். மூடியைத் திறக்காமலிருந்தால் அரை நாள் தைரியமாகத் தாங்கும் என்றார்.

எங்களுக்கு ஒரு மணி நேரம் போதும், ஐயா. அதை மட்டும் எங்களிடம் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு, தங்கள் ஆணையை எதிர்நோக்கி வாசற்கதவைத் திறந்து வைத்திருக்கும்,

(ஒப்பம்)
மார்ஜொலென் காஸ்தோங்கே

இடம்: சென்-ஓரெல்
நாள்: மே 12, 2025

உடன் ஒப்பமிடுவோர், தம் கைப்படச் சேர்த்த குறிப்புகளுடன்:

ரோலாந்த் பிபோ, எண் 25. “இந்த வருஷம் நான் வீடு மாறல. இத்தனை வருஷத்துல இப்பதான் முதல் தடவையா மாறணும்னே தோணல. ஆனா தூக்க வருவேன்.”

ஃபிர்மென் லாக்குர்ஸ், எண் 25. “எதிர்வீட்ல இப்ப மூணு புள்ளைங்க பால்கனில உக்காந்து என்னப் பாத்து வர்ணனை பண்ணுதுங்க. அதுக்கும் ஏதாவது உத்தரவு போட முடியுமா?”

ஒனோரின் ட்சிபாங்கு, எண் 18, மூன்றாம் தளம். “சட்டி கிடைச்சிருச்சு. ஜூலை ஒண்ணாம் தேதி தெருவுக்கே சமைக்கிறேன். மூஸ் இறைச்சி இதுவரைக்கும் சமைச்சதில்ல. யாரோ தர்றதா சொல்லியிருக்காரு. பேர் எழுதக் கூடாதாம்.”